ஒரு சொட்டு தொடாதவன் ஊதினால் போதை காட்டுமா?

கேள்வி: ஏப்ரல் 24, 2024, இரவு 9.40

பெல்ஜியத்தில் ப்ரூஜ் நகர நீதிமன்றம், குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகப் பிடிபட்ட ஒருத்தரை விடுதலை பண்ணியிருக்கு. அவர் வயிறே சாராயம் காய்ச்சுதாம். ஆள் வேலை பார்க்கிறது பீர் ஆலையில்! இதை நம்பச் சொல்றீங்களா? நாளைக்கு நம்ம ஊர்க் குடிகாரன் எல்லாம் "சார், நான் குடிக்கல, என் குடல் குடிச்சிருச்சு"ன்னு சொல்லுவான். லேப்ல இருக்கிற அண்ணாச்சி யாராவது விளக்குங்க.

ஏப்ரல் 24, இரவு 11.15

நம்பலாம். நோய் உண்மை. 'ஆட்டோ ப்ரூவரி சிண்ட்ரோம்' என்று பெயர். சாப்பிடுகிற சோறும் ரொட்டியும் சர்க்கரையும் குடலில் பெருகிக் கிடக்கும் ஈஸ்டிடம் மாட்டி எத்தனாலாக, அதாவது சாராயமாக, மாறுகிறது. அது குடல் சுவர் வழியாக ரத்தத்தில் ஏறுகிறது. பாட்டிலில் வந்ததோ குடலில் ஊறியதோ, மூளைக்கு எல்லாம் ஒன்றுதான். நாக்கு குழறும், கால் பின்னும், மறுநாள் தலை வலிக்கும்.

அந்த மனிதருக்கு 40 வயது. 2022 ஏப்ரலில் ஊதியபோது ஒரு லிட்டர் மூச்சில் 0.91 மில்லிகிராம். ஒரு மாதம் கழித்து மறுபடி பிடித்தார்கள், 0.71. அங்கே வரம்பு 0.22. மூன்று மருத்துவர்கள் தனித்தனியாகச் சோதித்து நோய் உண்டு என்று சொன்ன பிறகுதான் தீர்ப்பு வந்தது. பீர் ஆலை வேலை தற்செயல்.

ஏப்ரல் 25, காலை 6.50

"உடம்புக்குள்ள எப்படிச் சாராயம் ஊறும்?" என்று கேட்டவருக்கு.

எங்கள் ஊர் தேரிக்காட்டுப் பக்கம். தாத்தா பனையேறி. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டினால் காலையில் இறங்குவது பதநீர். தடவாமல் கட்டினால் அதே மரம், அதே பாளை, அதே சாறு, இறக்கும்போதே நுரைத்துக் கள்ளாக வரும். யாரும் எதையும் கலப்பதில்லை. காற்றிலும் பாளையிலும் இருக்கிற ஈஸ்ட் இனிப்பைத் தின்றுவிடுகிறது. சுண்ணாம்பு இருந்தால் அதால் பெருக முடியாது. சின்ன வயதில் தாத்தா கலயத்துக்குள் கையை விட்டுச் சுண்ணாம்பைச் சுற்றித் தடவுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பேன். அடியில் ஒரு விரல் அகலம் விட்டுப்போனாலும் திரும்பத் தடவுவார்.

நம் வயிற்றில் அந்தச் சுண்ணாம்பு வேலையைப் பார்ப்பவை இரைப்பை அமிலமும், குடலில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக் கூட்டமும். கொஞ்சம் ஈஸ்ட் எல்லோர் குடலிலும் உண்டு, பெருக இடம் கிடைக்காமல் ஓரமாகக் கிடக்கும். ஆன்டிபயாடிக்கைத் தொடர்ந்து போட்டு அந்தக் கூட்டம் அழிந்துபோனால் ஈஸ்டுக்கு வீடு காலி. கூடவே சர்க்கரை நோயோ, அறுவைச் சிகிச்சையில் குடல் குறுகிப்போனதோ இருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும்.

ஏப்ரல் 25, மதியம் 1.20

பழைய சோறு, நீராகாரம், இட்லி மாவு பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். பயப்படாமல் சாப்பிடுங்கள். அங்கே வேலை செய்வது பெரும்பாலும் புளிக்க வைக்கும் பாக்டீரியா. மாவு பொங்கி மூடியைத் தூக்குவது அது விடுகிற வாயுவால். சாராயம் என்று சொல்லும் அளவுக்கு அதில் எதுவும் இல்லை.

ஏப்ரல் 27, இரவு 10.05

நான் படித்தவற்றில் மனதை விட்டுப் போகாத கேஸ் இது. அமெரிக்காவில் ஸ்டேட்டன் ஐலண்டில் உள்ள ரிச்மண்ட் பல்கலைக்கழக மருத்துவ மையத்து மருத்துவர்கள் 2019ல் எழுதியது.

அவருக்கு 46 வயது. 2011ல் கட்டைவிரலில் அடிபட்டு ஆன்டிபயாடிக் சாப்பிட்டார். அதற்குப் பிறகு ஆள் மாறிப்போனார். மறதி, மன அழுத்தம், திடீர்க் கோபம். 2014ல் ஒரு காலையில் வண்டி ஓட்டும்போது போலீஸ் பிடித்தது. ரத்தத்தில் 100 மில்லிக்கு 200 மி.கி. "நான் குடிக்கவில்லை" என்றார். போலீசும் நம்பவில்லை, ஆஸ்பத்திரியும் நம்பவில்லை.

நம்பியது அவருடைய அத்தை. (சித்தியாகவும் இருக்கலாம், அவர்கள் எல்லோருக்கும் ஒரே சொல்தானே.) இதே மாதிரி இன்னொரு கேஸ் கேள்விப்பட்டு, அந்தம்மாதான் ஊதிப் பார்க்கும் கருவி ஒன்றை வாங்கிக் கொடுத்து, ஒஹாயோவில் ஒரு மருத்துவரிடம் போகச் சொன்னார். அங்கே மாவுச்சத்து உணவு கொடுத்துக் கண்காணித்தார்கள். 8 மணி நேரத்தில் ரத்தத்தில் 57 மி.கி. மலத்தில் சாக்கரோமைசஸ் செரிவிசியே இருந்தது. ரொட்டிக்கும் பீருக்கும் போடுகிற அதே ஈஸ்ட்.

அதோடு முடியவில்லை. திரும்ப வந்தது. போதையில் விழுந்து மண்டைக்குள் ரத்தம் கசிந்தது. பிறகு ரிச்மண்ட் மருத்துவர்களிடம் வந்தார். ஈஸ்டை அடக்கும் இட்ராகோனசோல் மாத்திரை கொடுத்தார்கள். இடையில் அவர்களுக்குத் தெரியாமல் பீட்சாவும் சோடாவும் சாப்பிட, மறுபடி மோசமானது. கடைசியில் மைக்காஃபங்கின் என்ற மருந்தை நரம்பு வழியாக ஏற்றித்தான் அடக்கினார்கள். ஒன்றரை வருடம் கழித்து சாதாரணச் சாப்பாடு சாப்பிடுகிறார், ஆனால் அவ்வப்போது ஊதிப் பார்த்துக்கொள்கிறார்.

2011லிருந்து எண்ணிப் பாருங்கள், எத்தனை வருடம்.

ஏப்ரல் 28, காலை 7.30

ராத்திரி படுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

180 கிராம் குளுக்கோஸ் முழுக்கப் புளித்தால் 92 கிராம் எத்தனால். பாதிக்குக் கொஞ்சம் மேல். 70 கிலோ ஆளின் ரத்தத்தில் 200 மி.கி. காட்ட உடம்பு முழுக்கச் சுமார் 95 கிராம் எத்தனால் இருக்க வேண்டும். அதற்கு 186 கிராம் சர்க்கரை, அதாவது கால் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த அரிசி. சாப்பிட முடியாத அளவு ஒன்றும் இல்லை. ஆனால் சிறுகுடல் பெரும்பகுதிச் சர்க்கரையை முந்திக்கொண்டு உறிஞ்சிவிடுமே? மணிக்கு ஏழெட்டு கிராம் எத்தனாலை ஈரல் வேறு எரித்துக்கொண்டே இருக்கும். மீதி எப்படி அந்த உயரத்துக்கு ஏறும்?

ஏப்ரல் 28, மதியம் 3.10

காலையில் எழுதியதற்கு நானே பதில் தேடினேன். இதே சந்தேகம் டெக்சாஸ் மருத்துவருக்கும் வந்திருக்கிறது. 2013ல் பார்பரா கார்டெலும் ஜஸ்டின் மெக்கார்த்தியும் எழுதிய கேஸ். நோயாளிக்கு 61 வயது. வீட்டில் பீர் காய்ச்சிப் பழக்கம் உள்ளவர், எனவே ஒளித்துக் குடிக்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பையைச் சோதித்து வாங்கி வைத்துக்கொண்டு 24 மணி நேரம் ஆஸ்பத்திரியில் கண்முன் உட்கார வைத்தார்கள். இனிப்பும் மாவுமாகக் கொடுத்து ரத்தம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். 120 மி.கி. வரை ஏறியது.

என் கணக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் போட்டது. நாள் முழுக்கத் தின்றுகொண்டிருந்தால், குடல் நெடுக ஈஸ்ட் இருந்தால், கணக்கு மாறும். அதோடு ஈரல் பழுதானவருக்கு எரிக்கும் வேகமும் குறையும். ஆனாலும் 300, 400 என்று சொல்லப்படும் எண்களைப் பார்த்தால் கண்முன் வைத்துச் சோதித்தார்களா என்று இன்னமும் கேட்பேன்.

மே 3, இரவு 9.00

திருத்தம். ஈஸ்ட், ஈஸ்ட் என்றே எழுதிவிட்டேன். பாக்டீரியாவும் செய்யும். 2019ல் பெய்ஜிங் ஆய்வாளர்கள் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். கொழுப்பு ஈரல் நோய் முற்றியவர், குடிக்காமலே போதையாகிறவர். ஈஸ்டை அடக்கும் மருந்து கொடுத்தும் கேட்கவில்லை. தேடினால் குடலில் கிளெப்சியெல்லா நிமோனியே, அதிலும் அதிகமாகச் சாராயம் சுரக்கும் ரகம். அதைத் தொடர்ந்து குடிக்காத கொழுப்பு ஈரல்காரர்களைச் சோதித்தபோது, பத்தில் ஆறு பேரிடம் அந்த மாதிரிக் கிருமி இருந்தது. அவர்கள் போதையாகவில்லை, ஆனால் ஈரல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எத்தனாலைச் சந்திக்கிறது. குடிக்காத மனிதர்களுக்கு வருகிற ஈரல் நோயை நாம் பார்க்கிற பார்வையே இதனால் மாற வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஜப்பானில் 1950களிலேயே இந்த நோயைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அங்கே கேண்டிடா என்ற ஈஸ்ட் வகைதான் அதிகம் சிக்கியது.

மே 5, காலை 11.40

நம் ஊர்ச் சட்டம் கேட்டிருந்தீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 185வது பிரிவு. 100 மில்லி ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் போனால் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ப்ரூஜ் மனிதரின் மூச்சு அளவை ரத்த அளவாக மாற்றினால், நம் வரம்பைப் போலக் கிட்டத்தட்ட ஏழு மடங்கு.

"எல்லாக் குடிகாரனும் இதைச் சொல்லுவானே?" சொல்லட்டும். வெறும் வயிற்றில் குளுக்கோஸ் கொடுத்து, அறையில் வைத்து, 24 மணி நேரம் விட்டுவிட்டு ரத்தம் எடுத்தால் தெரிந்துவிடும். பொய் சொல்கிறவனுக்கு ஏறாது. இந்தச் சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். வேண்டியது ஒரு நாள் பொறுமை.

இன்னொன்று. நோய் உறுதியானாலும் அடங்கும்வரை ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது. குற்றமில்லை என்பதற்காக எதிரே வரும் சைக்கிள்காரன் உயிருக்கு ஆபத்து இல்லை என்று ஆகாது.

மே 11, இரவு 12.35

ஒரு வாரமாக இதை எழுதலாமா வேண்டாமா என்றிருந்தேன்.

"பொறுமை வேண்டும்" என்று மேலே எழுதிவிட்டேன். என் பொறுமையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2011 மே மாதம். நான் லேபில் சேர்ந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. மினிபஸ் டிரைவர் ஒருவர், ஐம்பது வயது, பல வருடச் சர்க்கரை நோயாளி. குடியை விட்டு எட்டு மாதம். திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டுமென்றால் சிறுநீரில் ஆல்கஹால் இல்லை என்று ரிப்போர்ட் வேண்டும் என்று முதலாளி கேட்டிருந்தார். காலை எட்டு மணிக்கு அவர் பாட்டிலில் கொடுத்தார். எங்கள் பையன் நாலைந்து ஊரில் சாம்பிள் சேகரித்துக்கொண்டு பைக்கில் வருவான். என் மேசைக்கு வந்தபோது மணி நாலு. அக்கினி நட்சத்திரம். பாட்டில் சூடாக இருந்தது, மூடியைத் திருகியபோது உஸ்ஸென்று லேசாகக் காற்று வெளியேறியது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பாசிட்டிவ் வந்தது. எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் அவரே வந்தார். "தம்பி, சத்தியமாத் தொடல. இன்னொரு தடவ பாருங்க." நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னேன்: "டெஸ்ட் பொய் சொல்லாது அண்ணாச்சி." அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். வேலை கிடைக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

2020ல் பிட்ஸ்பர்க் மருத்துவர்கள் எழுதிய ஒரு கேஸை இந்த வாரம்தான் முழுசாகப் படித்தேன். 61 வயதுப் பெண், கட்டுக்கடங்காத சர்க்கரை நோய், ஈரல் சுருங்கிப்போய் மாற்று ஈரலுக்காகக் காத்திருக்கிறார். சிறுநீரில் திரும்பத் திரும்ப ஆல்கஹால். ஒளித்துக் குடிக்கிறார் என்றே நினைத்தார்கள். ஆனால் ரத்தத்தில் ஆல்கஹால் இல்லை. பார்த்தால் சிறுநீர் நிறையச் சர்க்கரை, கூடவே கேண்டிடா கிளாப்ராட்டா. காய்ச்சியது குடல் இல்லை, சிறுநீர்ப்பை. அந்தச் சிறுநீரை 37 டிகிரியில் வைத்தபோது எத்தனால் ஏறிக்கொண்டே போயிருக்கிறது.

படித்ததும் கை ஓடவில்லை. நேற்று லேப் பரணில் ஏறி 2011 பதிவேட்டை எடுத்தேன். என் கையெழுத்து. அந்தப் பெயருக்கு நேரே மூன்று வரி:

சர்க்கரை: நாலு பிளஸ்.
நுண்நோக்கியில்: ஈஸ்ட் செல்கள், மொட்டு விட்டவை.
ஆல்கஹால்: பாசிட்டிவ்.

ஒன்றன் கீழ் ஒன்றாக நானே எழுதியிருக்கிறேன். இனிப்பும் இருந்தது, ஈஸ்டும் இருந்தது, எட்டு மணி நேரம் மே மாத வெயிலும் இருந்தது. பனையேறி பேரன் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மே 12, காலை 8.15

"உங்க மேல தப்பில்ல, அப்போ யாருக்குத் தெரியும்" என்று எழுதியவர்களுக்கு நன்றி. ஆனால் அது சரியில்லை. சிறுநீர்ச் சர்க்கரை பாட்டிலிலேயே புளிக்கும் என்பது லேப் உலகத்துக்குப் பழைய செய்தி. ரத்தச் சர்க்கரை பார்க்க சாம்பல் மூடி ட்யூப் ஏன் பயன்படுத்துகிறோம்? அதில் இருக்கும் ஃபுளோரைடு செல்கள் சர்க்கரையைத் தின்பதை நிறுத்திவிடும். தினமும் இருபது ட்யூப் கையில் எடுக்கிற எனக்கு, சிறுநீருக்கும் அதைப் போட வேண்டும் என்று தோன்றவில்லை. குடிகாரர் என்று கேஸ் சீட்டில் எழுதியிருந்ததைப் படித்த பிறகுதான் பாட்டிலைத் திறந்தேன். அதுதான் நடந்தது.

மே 12, மதியம் 2.00

மேலே "எப்படிப் பிரித்துச் சொல்வது" என்று கேட்டவருக்கு. மூன்று இடம் உண்டு: குடல், சிறுநீர்ப்பை, பாட்டில். எத்தனால் உடம்புக்குள் சுற்றினால் ஈரல் அதில் கொஞ்சத்தை எத்தில் குளுக்குரோனைடு என்று மாற்றிச் சிறுநீரில் அனுப்பும். குடித்தாலும் வரும், குடலில் ஊறினாலும் வரும். சிறுநீர்ப்பையிலோ பாட்டிலிலோ ஊறினால் வராது, ஏனென்றால் அது ஈரல் பக்கம் போகவே இல்லை. பிட்ஸ்பர்க் பெண்ணுக்கு வரவில்லை. எனவே ரத்தம், மூச்சு, சிறுநீர், இந்தப் பொருள், நாலையும் சேர்த்துப் பார்க்காமல் ஒருவரைக் குடிகாரர் என்று எழுதக் கூடாது. பெரிய ஊர் லேப்களுக்கு அனுப்பினால் செய்து தருவார்கள்.

ஜூன் 5, இரவு 9.50

கனடாவிலிருந்து புதுக் கேஸ் வந்திருக்கிறது. டொரண்டோ, 50 வயதுப் பெண். அடிக்கடி சிறுநீர்த் தொற்று, அதற்கு அடிக்கடி ஆன்டிபயாடிக். சாப்பிட்டபின் நாக்கு குழறி, சோறு வடிக்கும்போதே தூங்கி விழுந்திருக்கிறார். இரண்டு வருடத்தில் ஏழு தடவை அவசரப் பிரிவு. ஒவ்வொரு தடவையும் "குடித்திருக்கிறீர்கள்" என்றே சொல்லியிருக்கிறார்கள். மதநம்பிக்கையால் குடியை விட்டவர், குடும்பமே சாட்சி சொல்லியும் எடுபடவில்லை. ஏழாவது தடவைதான் ஒரு மருத்துவருக்குத் தோன்றியிருக்கிறது. ஈஸ்டை அடக்கும் ஃபுளுகோனசோல் மருந்து, மாவுச்சத்துக் குறைந்த சாப்பாடு. சரியானது. மாவுச்சத்தைக் கூட்டியதும் திரும்ப வந்தது.

(சோறு வடிக்கும்போது என்று நான் எழுதியது கைப்பழக்கம். சமைக்கும்போது என்று படித்துக்கொள்ளுங்கள்.)

மல மாற்றுச் சிகிச்சை (ஆரோக்கியமானவரின் மலத்தில் உள்ள நல்ல பாக்டீரியாவை நோயாளியின் குடலில் குடியேற்றுவது) பற்றிக் கேட்டவருக்கு: உண்டு. பெல்ஜியத்திலேயே கென்ட் நகர ஆஸ்பத்திரியில், 47 வயதுக்காரருக்கு அவர் மகளிடமிருந்தே எடுத்து வைத்தார்கள். 2020ல் எழுதினார்கள். குணமானார்.

ஜூன் 23, இரவு 10.30

போய்விட்டு வந்தேன்.

அந்த மினிபஸ் டிரைவர் இருக்கிறார். 63 வயது. வீட்டுத் திண்ணையிலேயே பெட்டிக்கடை. கண் சரியாகத் தெரியவில்லை, சர்க்கரைதான். நான் யார் என்று சொன்னதும் நினைவு வந்துவிட்டது. பதிவேட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போயிருந்தேன், வாசித்துக் காட்டினேன். பதநீர், கள், கலயம், சுண்ணாம்பு என்று சொல்லத் தொடங்கியதும் அவர் கையை உயர்த்தினார், புரிந்துவிட்டது.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எல்லாரும் குடிச்சேன் குடிச்சேங்காவ. ராத்திரி படுத்துக்கிட்டு எனக்கே சந்தேகம் வந்துட்டு தம்பி, ஒருவேள குடிச்சிட்டமோன்னு. மறுநா போயி நெசமாவே குடிச்சிட்டேன்."

திரும்ப விட மூன்று வருடம் ஆனதாம். மதினி சர்க்கரை போடாத டீ கொண்டு வந்து வைத்தார்கள், எனக்கும் அதே. என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கிளம்பும்போது, "இப்பச் சொன்னத எழுதித் தருவியளா? பயகிட்டக் காட்டணும்" என்றார். மகன் சென்னையில் இருக்கிறான், இவரிடம் அதிகம் பேசுவதில்லை. கடையில் இருந்த நோட்டுத் தாளிலேயே இரண்டு பக்கம் எழுதினேன். அன்று நீங்கள் குடிக்கவில்லை என்று நான் நிரூபிக்க முடியாது, ஆனால் அந்த ரிப்போர்ட்டை வைத்துக் குடித்தீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது, அதைக் கொடுத்தது நான், அது தவறு. கையெழுத்துப் போட்டேன். முத்திரை கையில் இல்லை, அடுத்த நாள் பையனிடம் கொடுத்தனுப்பினேன்.

ஜூலை 2, காலை 7.05

மே 12 குறிப்பில் ஒரு திருத்தம். ஃபுளோரைடு போட்டாலே போதும் என்பது போல எழுதியிருந்தேன். போதாது. புளிப்பதை மட்டுப்படுத்தும், ஆனால் குளிரும் சேர வேண்டும். எடுத்த நேரம் பாட்டிலில் எழுதியிருக்க வேண்டும். எங்கள் பையன் பைக்குக்கு ஐஸ் பெட்டி வாங்கியாயிற்று. நீலப் பெட்டி, இரண்டு.